மானமும் மருந்தும்: குத்துச்சண்டை மேடையிலிருந்து நீதிமன்றம் வரை

தொழில்முறைக் குத்துச்சண்டை வீரனுக்கு அவனது உடலைத் தவிர வேறு மூலதனம் கிடையாது. அவ்வுடலின் வலிமை உழைப்பினால் வந்ததன்று, ஊக்கமருந்தினால் வந்ததே என்று ஒருவர் கூறிவிடின், அவனது புகழ் மாத்திரமன்றிப் பிழைப்பும் ஆட்டங்காண்கின்றது. எனவே, இத்தகைய குற்றச்சாட்டுகள் மானநஷ்ட வழக்குகளாக நீதிமன்றப் படியேறுவதில் வியப்பில்லை. ஆனால் அவ்வழக்குகளின் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குவோமாயின், ஒரு கேள்வி நம்மை எதிர்கொள்கின்றது. நீதிமன்றங்களில் ஈற்றில் வென்றது உண்மையா, அன்றிப் பணமா?

இவ்வழக்குகளுள் பெரும் புகழ் பெற்றது பிலிப்பைன்ஸ் வீரர் மான்னி பக்கியாவோ தொடுத்த வழக்காகும். அதன் சமூகப் பின்னணியை முதலில் அறிதல் வேண்டும். 1898இல் ஸ்பானியரிடமிருந்து பிலிப்பைன்ஸைக் கைப்பற்றிய அமெரிக்கா, 1946 வரை அத்தீவுகளைத் தன் ஆட்சியின்கீழ் வைத்திருந்தது. அமெரிக்கப் படையினரோடு குத்துச்சண்டையும் அங்கு வேரூன்றியது. 1923இல் நியூயோர்க் நகரில் ஜிம்மி வைல்டை வீழ்த்தி உலகப் பட்டம் பெற்ற பான்சோ வில்லா அந்த மண்ணின் மைந்தரே. ஆண்டவனின் விளையாட்டை ஆளப்பட்டவன் கற்று, அதிலே அவனை வென்று காட்டுவதென்பது குடியேற்ற நாடுகளின் வரலாற்றில் நாம் பலமுறை காணும் காட்சியாகும். ஆயினும் போட்டிகளை ஒழுங்கு செய்வோரும் வருவாயைப் பங்கிடுவோரும் ஆண்டவர் நாட்டிலேயே இருந்தனர்.

1978இல் மின்டனாவோவில் வறிய குடும்பமொன்றிற் பிறந்த பக்கியாவோ, சிறுவயதிலேயே வீட்டை விட்டு மணிலா சென்று, 1995இல் தொழில்முறை வீரரானார். 1998இல் 112 இறாத்தல் எல்லை கொண்ட பிரிவில் உலகப் பட்டம் வென்ற அவர், 2009 நவம்பரில் மிகல் கொட்டோவை வென்று 147 இறாத்தல் பிரிவின் பட்டத்தையும் கைப்பற்றினார். இவ்வளவு எடை ஏறியும் வேகமும் பலமும் குன்றாதிருந்தமை பலருக்கு வியப்பளித்தது. சிலருக்கு ஐயத்தை அளித்தது.

அவரும் அமெரிக்கரான பிளொயிட் மேவெதரும் 2010 மார்ச் 13ஆம் நாள் மோதுவதற்கான பேச்சுக்கள் அப்பொழுது நடைபெற்றுக்கொண்டிருந்தன. முன்னறிவிப்பின்றி எந்நேரமும் இரத்தம் எடுத்துச் சோதிக்கவேண்டும் என்று மேவெதர் தரப்பினர் கோரினர். போட்டிக்கு முந்திய வாரங்களில் இரத்தம் கொடுத்தால் உடல் தளரும் என்று பக்கியாவோ தரப்பினர் மறுத்தனர். அன்று நெவாடா மாநிலக் குத்துச்சண்டை ஆணையம் சிறுநீர்ச் சோதனையையே நடைமுறையிற் கொண்டிருந்தது. ஆகவே, சட்டம் கோராத ஒன்றை ஒரு தரப்பினர் கோர, மற்றத் தரப்பினர் மறுத்தபோது, மறுப்பே குற்றத்திற்குச் சான்றாகப் பேசப்பட்டது. போட்டியும் கைகூடவில்லை.

2009 டிசம்பர் இறுதியில் பக்கியாவோ லாஸ் வேகாஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். மேவெதரும் அவரது தந்தையும் சிறிய தந்தை ரொஜர் மேவெதரும், போட்டி அமைப்பாளர்களான ஒஸ்கார் டி லா ஹோயா, ரிச்சர்ட் ஷேஃபர் ஆகியோரும் எதிராளிகளாகக் குறிப்பிடப்பட்டனர். தாம் ஊக்கமருந்து உட்கொண்டதாக அவர்கள் பொய்யுரை பரப்பினர் என்பதே அவரது முறைப்பாடு. பக்கியாவோ எந்தச் சோதனையிலும் ஊக்கமருந்து பயன்படுத்தியவராகக் கண்டறியப்பட்டதில்லை என்பதை இங்கு குறிப்பிடல் வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் இத்தகைய வழக்காளிக்கு இலகுவான பாதையைத் திறந்து வைக்கவில்லை. 1964இல் நியூயோர்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் வழக்கில், அரச அலுவலர் ஒருவர் மானநஷ்ட ஈடு பெறுவதாயின், கூற்று பொய் என்பதை அறிந்தோ, உண்மையா பொய்யா என்பதைப் பொருட்படுத்தாமலோ எதிராளி அதனை வெளியிட்டதாக நிறுவவேண்டும் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் விதித்தது. தென் மாநிலங்களிற் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை ஆதரித்தோரை வழக்குகளால் நசுக்க முற்பட்ட அதிகாரத்திற்கு எதிராகவே அவ்விதி பிறந்தது. 1967இல், அரச அலுவலரல்லாத பிரபலங்களின் வழக்குகளுக்கும் அரசியலமைப்புப் பாதுகாப்பு விரிவாக்கப்பட்டது. அவ்வாறு விரிந்ததும் ஒரு விளையாட்டு வழக்கினாலேயே. ஆட்ட முடிவை முன்கூட்டியே பேசி வைத்ததாகச் சஞ்சிகையொன்று எழுதியதை எதிர்த்து, ஜோர்ஜியா பல்கலைக்கழக விளையாட்டுப் பணிப்பாளர் வாலி பட்ஸ் தொடுத்த வழக்கு அது. சஞ்சிகை தகவலைச் சரிபார்க்கத் தவறியமையால் பட்ஸ் வென்றார்.

பக்கியாவோவின் வழக்கு தீர்ப்பு வரை செல்லவில்லை. 2011இல் டி லா ஹோயாவும் ஷேஃபரும் தம் கூற்றுக்களை விலக்கிக்கொண்டனர். சத்தியவாக்குமூலம் அளிக்க வராதிருந்த மேவெதர், எதிர்த்தரப்பின் செலவுக்காகச் சுமார் 1,14,000 டொலர் செலுத்தவேண்டுமென 2012இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் வழக்கு இணக்கமாக முடிந்தது. பக்கியாவோ ஊக்கமருந்து பயன்படுத்தியதாகக் கூறுவது தமது நோக்கமன்று என்றும், அதற்குச் சான்று எதனையும் தாம் அறியார் என்றும் மேவெதர் தரப்பினர் அறிக்கை விடுத்தனர். தொகை இரகசியமாகவே வைக்கப்பட்டது.

இவ்வாறு ஒருவரின் மானம் ஓரளவு மீட்கப்பட்டது உண்மையே. ஆனால் மானநஷ்ட வழக்கு இருபுறமும் கூரான வாள் என்பதை ஷேன் மொஸ்லியின் வழக்கு காட்டுகின்றது. 2003 செப்டெம்பரில் டி லா ஹோயாவை வென்ற மொஸ்லி, அப்போட்டிக்கு முன்னர் பல்கோ என்னும் கலிபோர்னிய நிறுவனத்தின் பொருள்களைப் பயன்படுத்தியிருந்தார். அவை தடைசெய்யப்பட்டவை என்பதைத் தாம் அறியவில்லை என்பது அவரது நிலைப்பாடு. அறிந்தே பயன்படுத்தினார் என்று அந்நிறுவனத்தின் அதிபர் விக்டர் கொன்டே கூற, 2008இல் மொஸ்லி அவர்மீது வழக்குத் தொடுத்தார். விளைவு யாது? இரத்தத்தில் செங்கலங்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டினைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டமை பற்றி அவரே அளித்த சத்தியவாக்குமூலங்கள் அவ்வழக்கினாலேயே வெளியுலகிற்கு வந்தன. வழக்கும் ஈற்றிற் கைவிடப்பட்டது. மானத்தைக் காக்கத் திறந்த கதவு, மறைவாக இருந்ததை வீதிக்குக் கொணர்ந்தது.

மூன்றாவது வகையொன்றும் உண்டு. அது குத்துச்சண்டைக்கு வெளியே, சைக்கிளோட்டத்தில் நிகழ்ந்தது. இங்கிலாந்துச் சட்டத்தில் தன் கூற்று உண்மை என்று நிறுவும் பாரம் எதிராளியையே சாரும். அமெரிக்க ஓட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் 2004இல் வெளியான கட்டுரையொன்றிற்காகச் சண்டே டைம்ஸ் பத்திரிகைமீது வழக்கிட்டார். 2006இல் அப்பத்திரிகை 3,00,000 பவுண் கொடுத்து இணங்கியது. அணி வீரர்களின் தசைகளைப் பிடித்துவிடும் பணியிலிருந்த எமா ஓரைலி என்னும் பெண், தாம் கண்டதைக் கூறியதற்காக வழக்கிற்கு இலக்கானார். 2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் அறிக்கை வெளிவந்தது. ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013இல் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். பணமும் சட்டமும் கைகோத்து உண்மையைச் சில ஆண்டுகள் வாய்மூடச் செய்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, குற்றமற்றவனும் குற்றவாளியும் ஒரே ஆயுதத்தையே கையாள்வது புலனாகும். இதற்கு நீதிபதிகளின் குறைபாட்டைக் காரணமாகக் காட்ட முடியாது. ஒருவன் ஒன்றைச் செய்யவில்லை என்று நிறுவுதல் எளிதன்று. அதனை ஓரளவேனும் நிறுவக்கூடியது, ஆண்டு முழுவதும் எல்லோருக்கும் பொதுவாக நடைபெறும் சுயாதீனமான சோதனையே. ஆனால் தொழில்முறைக் குத்துச்சண்டையில் அத்தகைய பொது அதிகாரம் இல்லை. மாநிலத்திற்கு ஓர் ஆணையம், பட்டத்திற்கு நான்கு உலக அமைப்புகள், இலாபத்திற்குப் போட்டி அமைப்பாளர்கள் என்று அது சிதறிக் கிடக்கின்றது. 2000ஆம் ஆண்டின் முகம்மது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம் ஒப்பந்தச் சுரண்டலைத் தடுக்க முயன்றதேயன்றி இக்குறையைத் தீர்க்கவில்லை. பொது விதி இல்லாதவிடத்துச் சோதனையும் ஒப்பந்தப் பேரத்தின் ஓர் உறுப்பாகின்றது, பேரம் முறியும்போது ஐயம் அவதூறாகின்றது, அவதூறு வழக்காகின்றது.

2015 மே 2ஆம் நாள் பக்கியாவோவும் மேவெதரும் ஈற்றில் மோதினர். இம்முறை மேற்கூறிய முகவரகமே ஒப்பந்தப்படி சோதனை நடத்தியது. மேவெதர் வென்றார். நுழைவுச் சீட்டுகள் மாத்திரம் 7 கோடி 20 இலட்சம் டொலர் ஈட்டின. அமெரிக்காவில் 46 இலட்சம் பேர் கட்டணம் செலுத்தித் தொலைக்காட்சியிற் பார்த்தனர். பின்னர், போட்டிக்கு முதல்நாள் மேவெதரின் நாளத்தினூடாக 750 மில்லிலீற்றர் உப்புநீரும் விற்றமின்களும் ஏற்றப்பட்டமையும், அதற்கான விதிவிலக்கைப் போட்டி முடிந்து 18 நாட்களின் பின்னரே முகவரகம் வழங்கியமையும் 2015 செப்டெம்பரில் வெளிவந்தன. விதிகளுக்கு அமையவே நடந்ததாக முகவரகமும் மேவெதரும் கூறினர். ஒருகால் கடுமையான சோதனையைக் கோரி மற்றவரை ஐயத்துக்குள்ளாக்கியவரே, பின்னர் தாமும் ஐயத்துக்கு விளக்கமளிக்க நேர்ந்தது.

கோடிகளுக்குப் போட்டியிடும் வீரனுக்கு வழக்கறிஞர் உண்டு. முதற் சுற்றுக்களில் சில நூறு டொலருக்கு அடி வாங்கும் வீரனுக்கோ வழக்குமில்லை, முறையான சோதனையுமில்லை, தொழிற்சங்கமுமில்லை. மருந்தேறிய கரத்தின் குத்து அவன் மூளையில் விழும்போது அதற்கு மானநஷ்டம் என்ற பெயர் பொருந்தாது, அது உயிர்நஷ்டம். ஆகவே, எவர் எவரை அவதூறு செய்தார் என்பதைவிட, அவ்வீரனை எவர் பாதுகாப்பது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வியாகும். வீரர்கள் தம் சங்கத்தின் மூலம் ஒன்றுபட்டு, இலாபம் பெறுவோரின் பிடிக்குள் அகப்படாத பொதுச் சோதனையைக் கோரிப் பெறும் வரை, குத்துச்சண்டையின் உண்மை நீதிமன்றங்களில் இரகசியத் தொகைகளுக்கு விலைபோய்க்கொண்டேயிருக்கும்.