பொக்லைன் ஏன் திடீர்னு ஊமையாகுது? 60 ஓம் கதை

சங்கரன்கோவில் பக்கம் மண் அள்ளுற வண்டிக்கு மூணு பேர் உண்டு. டயர்ல ஓடினா ஜேசிபி. செயின்ல ஓடினா ஹிட்டாச்சி. பேப்பர்ல செய்தியா வந்தா மட்டும் ரெண்டுமே பொக்லைன் இயந்திரம். மூணுமே கம்பெனிப் பேருதான். பொக்லைன்ங்கிறது பிரான்ஸ்ல இருந்த ஒரு கம்பெனி. விவசாயக் கருவி செஞ்சுக்கிட்டிருந்தவங்க 1951-ல் ஹைட்ராலிக் எக்ஸ்கவேட்டருக்கு வந்தாங்க. அவங்களோட கைகோத்து எல் அண்ட் டி பெங்களூர்ல வண்டி செஞ்சது, அந்தப் பேரும் அப்படியே இங்க ஒட்டிக்கிச்சு. ஜேசிபி 1979-ல் ஹரியானாவுல இருக்கிற பல்லப்கருக்கு வந்தது. 1984-ல் டெல்கோ ஹிட்டாச்சியோட தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டது.

அந்தக் காலத்து வண்டியில லீவரை இழுத்தா வால்வு திறக்கும், ஆயில் பாயும், பூம் தூக்கும். கோளாறு வந்தா கண்ணுக்கோ காதுக்கோ மூக்குக்கோ தெரிஞ்சிடும். ஆயில் கசியும், பம்பு கத்தும், எங்கயாவது கருகும். பக்கத்துல கழுகுமலை வெட்டுவான் கோவிலை 8-ஆம் நூற்றாண்டுல மலைய மேலிருந்து கீழே செதுக்கினவங்களுக்கு உளி மழுங்கினது கையிலயே தெரிஞ்சிருக்கும். கிட்டத்தட்ட அந்த மாதிரி உறவுதான் நம்ம பழைய மெக்கானிக் அண்ணாச்சிகளுக்கும் வண்டிக்கும் இருந்தது.

டீசல் மிச்சம் பிடிக்கணும், புகையைக் குறைக்கணும்னு வந்தப்போ அந்த உறவு அறுந்தது. பம்பு எவ்வளவு சுமை இழுக்குதுன்னு இன்ஜினுக்குத் தெரியணும். இன்ஜின்ல எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்குன்னு பம்புக்குத் தெரியணும். அதனால இன்ஜினுக்கு ஒரு கன்ட்ரோலர், பம்புக்கு ஒண்ணு, டிஸ்ப்ளேவுக்கு ஒண்ணு. இவங்க எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசியாகணும்.

பேசுற வழியை பாஷ் கம்பெனி கண்டுபிடிச்சது, ஆனா காருக்காக. 1983-ல் வேலையைத் தொடங்கி, 1986 பிப்ரவரியில டெட்ராய்ட்ல நடந்த எஸ்ஏஇ மாநாட்டுல 'கேன்' அப்படிங்கிற நெட்வொர்க்கை அறிவிச்சாங்க. அடுத்த வருஷம் இன்டெல் அதுக்கு சிப் போட்டது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வயர் இழுக்காம, முறுக்கின ரெண்டே வயர்ல எல்லாரும் பேசலாம். ஒரே நேரத்துல ரெண்டு பேர் வாயைத் திறந்தா, யாரோட அடையாள எண் சின்னதோ அவர் தொடர்வார், மத்தவர் ஒதுங்கி நிப்பார். மோதலால ஒரு செய்தி கூட வீணாகாது. தப்புத்தப்பா பேசிக்கிட்டே இருக்கிற கன்ட்ரோலர், பிழைக் கணக்கு 255-ஐத் தாண்டினதும் தானா நெட்வொர்க்கை விட்டு வெளியேறிடும். எங்க ஆபீஸ் கோட்ல இவ்வளவு நாகரிகம் கிடையாது. இதே கேன் மேல லாரிக்கும் கனரக வண்டிக்கும் எஸ்ஏஇ எழுதின மொழிதான் ஜே1939.

இப்போ கோளாறுக்கு வருவோம். குளத்துல மண் எடுத்துக்கிட்டிருக்கு வண்டி. மழைக்கு முன்னாடி வேலை முடியணும். திடீர்னு இன்ஜின் வேகம் ஏற மாட்டேங்குது, டிஸ்ப்ளேவுல வரிசையா எட்டு கோடு. 639, எஃப்எம்ஐ 9 மாதிரி ஏதோ ஒண்ணு. 639-ன்னா முதல் ஜே1939 நெட்வொர்க். 9-ன்னா செய்தி வர வேண்டிய நேரத்துக்கு வரலை. இதுல பெரும்பாலானவங்க கவனிக்காத விஷயம், கோடு போடுறது குற்றவாளி இல்ல, காத்துக்கிட்டிருந்த ஆள். சர்வர் படுத்தா லாக்ல டைம்அவுட்னு எழுதுறது அதைக் கூப்பிட்ட சர்வீஸ்தானே? அதே கதைதான். புகார் சொன்ன கன்ட்ரோலரைக் கழட்டி புதுசு மாட்டினா, நல்லா இருந்ததைத் தூக்கிப் போட்டுட்டு பழைய கோளாறோடயே நிப்போம். அந்தப் பெட்டியோட விலையைக் கேட்டா அதுக்கு மேல தலை சுத்தும். இதுக்கு நடுவுல வண்டிக்கு இஎம்ஐ ஓடும், ஆபரேட்டருக்கு பேட்டா ஓடும், வண்டி மட்டும் ஓடாது.

முதல்ல எடுக்க வேண்டியது சாதாரண மல்டிமீட்டர். கிணத்துக்குள்ள கத்தினா எதிரொலிக்குற மாதிரி, வயர் முனையில சிக்னல் மோதித் திரும்பும். அதைத் தடுக்கத்தான் ரெண்டு கோடியிலயும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர். இணையா இருக்கிறதால ரெண்டும் சேர்ந்து 60. பேட்டரியைத் துண்டிச்சிட்டு ரெண்டு வயருக்கு நடுவுல அளந்தா 60 வரணும். 120 வந்தா ஒரு கோடி கழண்டிருக்கு, இல்ல நடுவுல வயர் அறுந்திருக்கு. 40 வந்தா யாரோ மூணாவதா ஒரு ரெசிஸ்டரைச் சொருகியிருக்காங்க. பூஜ்யத்துக்குப் பக்கம்னா ரெண்டு வயரும் ஒட்டிக்கிச்சு. சில வண்டியில ரெசிஸ்டர் கன்ட்ரோலருக்கு உள்ளேயே இருக்கும், அதைக் கழட்டி வச்சுட்டு அளந்தாலும் 120 காட்டும். பயந்துடாதீங்க.

60 சரியா வந்தும் கோளாறு விட்டுவிட்டு வந்தா, மீட்டரைப் பாத்துக்கிட்டே ஹார்னஸைக் கையால ஆட்டணும். எந்த இடத்தைத் தொடும்போது எண் துள்ளுதோ அங்கதான் பிரச்சினை. கிளாம்ப் போன இடத்துல வயர் இரும்புல உரசியிருக்கும், எலி கடிச்சிருக்கும், பிரஷர் பம்புல கழுவினப்போ கனெக்டருக்குள்ள தண்ணி போய் பின் பச்சை பூத்திருக்கும். பேட்டரியைக் கழட்டாம பக்கெட்டுக்கு வெல்டிங் வச்சிருந்தா மட்டும் கதை வேற, கன்ட்ரோலரே நிஜமா போயிருக்கலாம்.

அதுக்கு அடுத்த படிதான் லேப்டாப். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி சாஃப்ட்வேர், பெரும்பாலும் டீலர் கையில. ஜே1939 எல்லாருக்கும் பொதுவா எழுதின மொழி. ஆனா கம்பெனிங்க தங்களுக்குன்னு தனிச் செய்திகள் வச்சுக்க அதுலயே இடம் விட்டிருக்காங்க, பூட்டு விழுறதும் அங்கதான். தொழில் ரகசியம்னு அவங்க சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. கோளாறைப் படிக்கிறதுக்குக் கூட பூட்டுங்கிறது எனக்கு ஒப்பலை. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. முதல் கட்டமா எடுத்தது நாலு துறை: விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், ஆட்டோமொபைல். டிராக்டர் அந்தப் பட்டியல்ல வந்துடும். அதே வயல்ல வரப்பு வெட்டுற பொக்லைனுக்குத் தனியா ஒரு இடம் கிடைக்கலை.