மண் தொட்டியும் வண்ணக் கோடும்

வெளி மாநிலத்தில் குடியேறிய தமிழரின் இல்லத்தை அடையாளம் காண்பது எளிது. மாடி முகப்பில் ஒரு மண் தொட்டியில் துளசியும், மற்றொன்றில் கறிவேப்பிலையும் தழைத்து நிற்கும். கோலமிட வாசல் வாய்க்காத வீடுகளில் அக்கோலம் தொட்டியின்மீதே ஏறிக்கொள்வதும் உண்டு. காவிப் பட்டையும் சுண்ணாம்புக் கோடும் அதனை அணி செய்யும். இதனை வெறும் பொழுதுபோக்கு எனக் கருதுவோர் பலர். ஆயின், மட்கலத்துக்கு வண்ணம் தீட்டும் வழக்கம் ஈராயிரம் ஆண்டு வரலாறு உடையது. அவ்வரலாற்றில் பாலக்காட்டு எல்லைப் புறத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதை இன்று காண்போம்.

தொடர்ந்து செல்லும் மேற்கு மலை பாலக்காட்டில் 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் இடைவெளி விட்டு நிற்கின்றது. பண்டை நாளில் முசிறித் துறையிலிருந்து கொங்கு நாட்டுக்கும், அப்பால் கருவூருக்கும் வணிகர் சென்ற வழி இதுவே. அவ்வழியில், நொய்யல் ஆற்றங்கரையில் உள்ளது கொடுமணல். அங்கே 1985ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, கல்மணிகளும் இரும்புருக்கிய தடயங்களும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அவற்றோடு வேறொரு வகை ஓடும் வெளிப்பட்டது. செங்காவிப் பூச்சினூடே வெளிறிய கோடுகள் நேராகவும் அலையாகவும் ஓடும் கலத்தின் ஓடு அது. இவ்வகைக் கலத்தையே மார்ட்டிமர் வீலர் 1947இல் கன்னட நாட்டுப் பிரம்மகிரியிலும் கண்டெடுத்தார். ஆந்திரப் பகுதியிலும் இது கிடைக்கின்றது. இன்று நாம் மொழிவாரியாகப் பிரித்துக் காணும் நிலங்களில் எல்லாம் அன்றைய குயவரின் தூரிகை ஒரே விதமாக இயங்கியது என்பது எண்ணத்தக்கது அன்றோ?

இனி, தெற்கே இடுக்கி எல்லைக்கு வருவோம். தமிழ் வழங்கும் மறையூரில் பாறைகளின்மேல் கற்பலகைகளால் அமைந்த பெருங்கற்காலச் சின்னங்கள் நிற்கின்றன. மக்கள் அவற்றை முனியறை என்பர். அக்கால மாந்தர் இறந்தோரைப் பெருந்தாழிகளிலும் இட்டுப் புதைத்தனர். தமிழர் அவற்றை முதுமக்கள் தாழி என்பர். மலையாளிகள் நன்னங்ஙாடி என்பர். பெயர் இரண்டு, பொருள் ஒன்றே. 2004-05ஆம் ஆண்டுகளில் ஆதிச்சநல்லூரில் மத்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தெடுத்த ஓர் ஓட்டில் ஒரு பெண், நெற்பயிர், கொக்கு, மான் ஆகிய உருவங்கள் களிமண்ணால் ஒட்டிப் புடைப்பாக அமைக்கப்பட்டிருந்தன. மண்ணுள் மறையப் போகும் கலத்துக்கும் அழகு செய்தவர் நம் முன்னோர்.

அம்மரபு முற்றும் அழிந்துவிடவில்லை. திருமணப் பந்தலில் அடுக்கும் அரசாணிப் பானைக்குக் காவியும் சுண்ணாம்பும் தீட்டுகின்றோம். பொங்கற் பானைக்குக் கோலமிடுகின்றோம். எனினும், குயவர் வாழ்வு தளர்ந்தது. அலுமினியமும் எவர்சில்வரும் அடுக்களையில் புகுந்தபின், சோற்றுப் பானைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் இருந்த தேவை குறைந்தது. சக்கரம் நின்றுவிடாமல் காத்தவற்றுள் ஒன்று பூந்தொட்டி.

பாலக்காட்டை அடுத்த மலப்புறம் மாவட்டத்தில், நிலம்பூர் அருகே அருவாக்கோடு என்னும் குயவர் சிற்றூர் உள்ளது. பானை விற்பனை வீழ்ந்து அவ்வூரார் வறுமையுற்றிருந்த நிலையில், 1990களில் கே. பி. ஜினன் என்னும் வடிவமைப்பாளர் அங்குச் சென்றார். தோட்டத்துக்கும் கட்டடத்துக்கும் உரிய அணிமிகு சுடுமண் பொருள்களை அக்குயவரே படைக்கும்படி ஊக்கினார். கும்பம் என்னும் பெயரால் அம்முயற்சி புகழ் பெற்றது. கேரளத்துக் குயவருள் பலர் வீட்டில் தெலுங்குச் சாயலுள்ள மொழி பேசுவோர். தம் முன்னோர் ஆந்திரத்திலிருந்து வந்தவர் எனக் கூறுவோர். அவர்களும் குடிபெயர்ந்தோரே. தாய்நிலத்தை விட்டனர், மொழியையும் தொழிலையும் விடவில்லை.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீருமேடு, சித்தூர் ஆகிய வட்டங்கள் கேரளத்தில் நின்றன. அங்குள்ள தமிழர் ஊர் பெயராமலே வேறு மாநிலத்தவராயினர். நீங்களோ ஊர் பெயர்ந்து அயல் மாநிலம் சென்றவர்கள். இரு சாராருக்கும் உள்ள கவலை ஒன்றே: அடுத்த தலைமுறை எதனை நினைவில் கொள்ளும்?

ஒரு விடுமுறை நாளில், அருகிலுள்ள குயவரிடம் தொட்டி ஒன்று வாங்குங்கள். மும்பைத் தாராவியில் சௌராட்டிரக் குயவரின் கும்பார்வாடா தமிழர் தெருக்களை அடுத்தே இருக்கின்றது. அடியில் துளை உள்ளதா எனப் பாருங்கள். எண்ணெய் வண்ணம் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும்; வேருக்குக் காற்று குறையும். ஆகவே காவியும் சுண்ணாம்பும் கரைத்துப் புறத்தே மட்டும் தீட்டுக. உட்புறத்தை அவ்வாறே விடுக. கோட்டைக் குழந்தையே வரையட்டும். அது சற்றுக் கோணினும் குற்றமில்லை. மழையில் கரைந்தால் மறு பொங்கலுக்கு மீண்டும் தீட்டலாம். அவ்வாறு ஆண்டுதோறும் தீட்டும் கையே மரபைக் காக்கும் கை.