பக்கவாதத்துக்குப் பின் வெளிநடமாட்ட மதிப்பீடு

பக்கவாதம் வந்து தேறியவர் வீட்டுக்கு வெளியே எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக, விழாமல் நடக்கிறார் என்று கணிக்கும் முறை.

1995இல் அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஜாக்குலின் பெரியும் அவருடைய குழுவினரும் நடைவேகத்தை அளவுகோலாக்கினர். நொடிக்கு 0.4 மீட்டருக்கும் குறைவாக நடப்பவரின் நடமாட்டம் பெரும்பாலும் வீட்டோடு நின்றுவிடும், 0.8 வரை ஓரளவு வெளியே போகலாம். அதைத் தாண்டினால் தாராளமாகப் போய்வரலாம். 10 மீட்டரை 25 நொடியில் கடப்பவரின் வேகம் 0.4, பன்னிரண்டரை நொடியில் கடப்பவருக்கு 0.8. அளவுநாடாவும் கடிகாரமும் இருந்தால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைச் செய்யலாம். வழக்கமாகப் பிடிக்கும் ஊன்றுகோலோடு நடக்கலாம். ஆறு நிமிட நடைச் சோதனை, அவ்வளவு நேரத்தில் ஒருவர் நடக்கக்கூடிய தூரத்தைக் காட்டும்.

வேகம் மட்டும் போதாது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நன்றாக நடப்பவர் வயல் வரப்பில் தடுமாறலாம்; டவுன் பஸ்ஸின் உயரமான முதல் படியில் கால் எழாமல் நிற்கலாம்; சந்தை நெரிசலில் பேசிக்கொண்டே நடக்கும்போது விழலாம். விழுந்துவிடுவோமோ என்ற பயமே பலரைத் திண்ணையோடு முடக்கிவிடுகிறது. அதையும் கேட்டறியாத மதிப்பீடு அரைகுறையானது.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. வரும் சிகிச்சையாளரிடம் உடற்பயிற்சியை மட்டும் கேட்காமல், நோயாளி அன்றாடம் போகவேண்டிய பாதையில் அவரை நடக்கவைத்துப் பார்க்கும்படி குடும்பத்தார் கேட்க வேண்டும்.