காட்டுக்குள் 950 குடில்கள்... ரிசப்ஷன் இல்லை, சாவி இல்லை! நியூசிலாந்து 'ஹட்'டில் தங்குவது எப்படி?

நியூசிலாந்தின் தேசியப் பூங்காக்களில் நாள்கணக்கில் நடப்பவர்கள் ராத்திரி எங்கே தூங்குகிறார்கள்? பெரும்பாலும் 'ஹட்' எனப்படும் மலைக்குடில்களில்தான். அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை இப்படி 950-க்கும் மேற்பட்ட குடில்களைப் பராமரிக்கிறது. பல குடில்கள் 1950, 60-களில் மான் வேட்டையாடும் அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்டவை. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மான்கள் பெருகி காட்டை அழித்ததால், சுடுவதற்கென்றே ஆள் வைத்தார்கள்!

உள்ளே என்ன இருக்கும்?

சாதாரண ஹட் என்றால் வரிசையாக மெத்தை, மழைநீர் தொட்டி, வெளியே ஒரு கழிவறை. அவ்வளவுதான். போர்வை, அடுப்பு, பாத்திரம், சாப்பாடு எல்லாம் முதுகில் சுமந்துதான் போகணும். குப்பையையும் திரும்பச் சுமந்து வரணும். ஆண், பெண், தெரியாதவர் எல்லாருக்கும் ஒரே அறை. மிக எளிய ஹட்கள் இலவசம். மற்றவற்றுக்கு முன்பே டிக்கெட் அல்லது பாஸ் வாங்கிட்டு வரணும்.

முன்பதிவு வேண்டுமா?

பல ஹட்களில் முதலில் வருபவருக்கே படுக்கை. ஆனால் ஃபியோர்ட்லேண்ட் தேசியப் பூங்காவில் உள்ள 53.5 கி.மீ. மில்ஃபோர்ட் பாதை போன்ற பிரபல இடங்களில், சீசனில் முன்பதிவு கட்டாயம். அங்கே ஒரே திசையில்தான் நடக்கலாம். எந்த ராத்திரி எந்த ஹட் என்பதும் முன்பே முடிவாகிவிடும். நல்லா இருக்கேன்னு கூடுதலா ஒரு நாள் தங்க முடியாது.

அந்த நோட்டுப் புத்தகம் எதற்கு?

ஹட்டில் முக்கியமான பொருள் மெத்தை இல்லை, மேஜை மேல் கிடக்கும் நோட்டுதான். பெயர், எத்தனை பேர், அடுத்து எங்கே போகிறோம், எந்தத் தேதி என்று அதில் எழுத வேண்டும். தங்காமல் கடந்து போனாலும் எழுத வேண்டும். பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது. ஒருவர் காணாமல் போனால், மீட்புக் குழு முதலில் தேடுவது அவர் கடைசியாகக் கையெழுத்து போட்ட ஹட்டைத்தான். இன்னொரு துணை, செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் பீக்கன் கருவி. அங்கே வாடகைக்கே கிடைக்கும்.

மழை பிடித்தால்?

பயணிகள் தப்பு பண்ணுவது இங்கேதான். 'நாளைக்கு ஃப்ளைட் இருக்கு' என்று பெருகிய ஆற்றில் இறங்குகிறார்கள். பாலம் இல்லாத ஓடை சில மணி நேர மழையில் ஆளை அடித்துச் செல்லும். மழை விட்டால் பெரும்பாலும் அதே வேகத்தில் வடியும். அதனால் ஹட்டிலேயே இருந்து தண்ணீர் இறங்கும்வரை காத்திருப்பதுதான் சரி. ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக எடுத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

கிளம்பும்போது தரையைக் கூட்டி, அடுத்து வருபவருக்கு விறகு எடுத்து வைத்து, கதவைச் சாத்த வேண்டும். தெற்குத் தீவு மலைகளில் ஷூவை வெளியே விடாதீர்கள். 'கேயா' என்ற மலைக்கிளி கொத்திக் கிழித்துவிடும்.