ஈவ்லின் அண்டர்ஹில்

ஈவ்லின் அண்டர்ஹில் (டிசம்பர் 6, 1875 - ஜூன் 15, 1941) இங்கிலாந்தைச் சேர்ந்த எழுத்தாளரும் ஆன்மிக வழிகாட்டியும் ஆவார். 1911 இல் இவர் வெளியிட்ட "மிஸ்டிசிசம்" என்னும் நூல் ஐரோப்பியக் கிறித்தவ மறைஞானத்தைப் பற்றிய அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. மறைஞானம் என்பது இறைவனைப் பற்றி அறிவதோடு நில்லாமல், இறைவனோடு நேரடியாக ஒன்றும் அனுபவத்தை நாடும் நெறியாகும். இந்நூலை எழுதிய காலத்தில் அண்டர்ஹில் எந்தத் திருச்சபையின் வழிபாட்டிலும் முழுமையாகப் பங்கு பெறாதவராக இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இளமை

வுல்வர்ஹாம்ப்டன் நகரில் ஒரு வழக்கறிஞரின் ஒரே மகளாகப் பிறந்தார். இலண்டனில் கிங்ஸ் கல்லூரியின் மகளிர் பிரிவில் வரலாறும் தாவரவியலும் பயின்றார். வீட்டில் சமயப் பற்று மிகுந்த சூழல் இருக்கவில்லை. 1898 முதல் மேற்கொண்ட இத்தாலியப் பயணங்களும், அங்குள்ள ஆலயங்களிலும் ஓவியங்களிலும் கண்டவையும் இவரது மனத்தைச் சமயத்தின் பக்கம் திருப்பின.

மந்திரக் கழகத்தில்

1904 அளவில் "கோல்டன் டான்" (பொன் விடியல்) மரபைச் சேர்ந்த மறைவுக் கழகம் ஒன்றில் சேர்ந்தார். கவிஞர் யேட்சு போன்றோரும் இம்மரபோடு தொடர்புடையவர்களே. அண்டர்ஹில் சேர்ந்த பிரிவை நடத்தியவர் ஏ. ஈ. வெயிட். இன்று பலரும் அறிந்த டாரட் சீட்டுக் கட்டொன்றை 1909 இல் வெளியிட்டவரும் இவரே. சடங்குகள், குறியீடுகள், படிநிலைத் தீட்சைகள் ஆகியவற்றின் வழியே மறைவான அறிவைப் பெறலாம் என்பது இக்கழகத்தாரின் நம்பிக்கை. அண்டர்ஹில் சில ஆண்டுகளில் விலகிவிட்டார். ஆயினும் இந்த அனுபவம் வீணாகவில்லை. மந்திரம், மறைஞானம் இரண்டும் ஒன்றெனப் பலர் மயங்கிய காலத்தில், மந்திரம் பெற்றுக்கொள்ள விழைகிறது, மறைஞானமோ தன்னையே கொடுக்க விழைகிறது என்ற தெளிவான வேறுபாட்டைப் பின்னர் தமது நூலில் வகுத்துக் காட்டினார். உள்ளிருந்து கண்டவர் என்பதால் அந்த அதிகாரத்தில் இகழ்ச்சியும் இல்லை, மயக்கமும் இல்லை.

1907 ஆம் ஆண்டு

இவ்வாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கன் கன்னியர் மடம் ஒன்றில் சில நாட்கள் தங்கினார். அதனை அடுத்துக் கத்தோலிக்க சமயமே உண்மை என்ற உறுதி இவருக்கு ஏற்பட்டது. ஆனால் இவர் மணக்கவிருந்த ஹியூபர்ட் ஸ்டூவர்ட் மூர் இதனை அறிந்து பெரிதும் வருந்தினார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவானவர் கணவன் மனைவிக்கு இடையே வந்துவிடுவார் என்பது அவரது அச்சம். அவருக்காக அண்டர்ஹில் தமது முடிவைச் சிறிது காலம் தள்ளிப்போட்டார். திருமணம் ஜூலையில் நடைபெற்றது. செப்டம்பரில் திருத்தந்தை பத்தாம் பயஸ், நவீனவாதத்தைக் கண்டித்துச் சுற்றுமடல் வெளியிட்டார். வரலாற்று ஆய்வு முறைகளைச் சமயத்திலும் ஏற்றுக்கொண்டிருந்த அண்டர்ஹில், தம் அறிவை ஒடுக்கிக்கொண்டு அத்திருச்சபையில் சேர இயலாது என உணர்ந்தார். பிறந்த ஆங்கிலிக்கத் திருச்சபைக்குத் திரும்பவும் மனம் வரவில்லை. இந்த இடைநிலை ஏறத்தாழ 14 ஆண்டுகள் நீடித்தது.

மிஸ்டிசிசம்

வாசலில் நின்ற இக்காலத்தில் எழுதப்பட்டதே இப்பெருநூல். பிளாட்டினசு, எக்கார்ட், ரூயிஸ்புரூக், அவிலாவின் தெரேசா, சிலுவையின் யோவான், சியன்னாவின் கத்தரீன் முதலிய பலரின் எழுத்துக்களை இதில் ஆராய்ந்துள்ளார்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902 இல் மறைஞான அனுபவத்திற்கு நான்கு அடையாளங்கள் கூறியிருந்தார். அவற்றுள் ஒன்று, அது நெடுநேரம் நிலைப்பதில்லை என்பது. அண்டர்ஹில் இதனை ஏற்கவில்லை. மறைஞானம் தோன்றி மறையும் உணர்வெழுச்சி அன்று, வாழ்க்கை முழுவதையும் மாற்றும் பயணம் என்பது இவரது வாதம். அப்பயணத்தை விழிப்பு, தூய்மை பெறல், ஒளி பெறல், ஆன்மாவின் இருண்ட இரவு, ஒன்றிப்பு என்ற ஐந்து நிலைகளாகப் பிரித்தார். ஒளி பெற்ற பின்னரே இருள் வருகிறது என்பது இவ்வரிசையில் கவனிக்க வேண்டியது. எல்லா ஞானியரின் வாழ்வும் இவ்வரிசைக்குள் அடங்குவதில்லை. அதனை இவரும் ஒப்புக்கொண்டார்.

1914 இல் பொதுமக்களுக்காக "பிராக்டிகல் மிஸ்டிசிசம்" என்னும் சிறுநூலை வெளியிட்டார். முதல் உலகப் போர் தொடங்கிவிட்ட நிலையில் இத்தகைய நூல் தேவைதானா என்ற கேள்விக்கு அதன் முன்னுரையிலேயே விடை கூற வேண்டியதாயிற்று.

இந்தியத் தொடர்பு

இரவீந்திரநாத் தாகூர் கபீரின் நூறு பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது அண்டர்ஹில் அவருக்குத் துணைபுரிந்து முன்னுரையும் எழுதினார். இந்நூல் மேலைநாடுகளில் கபீரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. எனினும் இதிலுள்ள பாடல்களில் பல கபீர் இயற்றியவை அல்ல என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

திரும்புதல்

1921 அளவில் ஆங்கிலிக்கத் திருச்சபைக்குத் திரும்பினார். அதே ஆண்டில், கத்தோலிக்கப் பொதுநிலை அறிஞரான பிரீட்ரிக் வான் ஹியூகலைத் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டார். அண்டர்ஹிலின் ஆன்மிகம் அறிவிலேயே தங்கிவிட்டது எனக் கண்ட அவர், தனிமைத் தியானத்தைக் கூட்டும்படி சொல்லவில்லை. வாரம் இருமுறை பிற்பகலில் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று வருமாறு பணித்தார். பெருநூல் எழுதிப் பத்தாண்டுகள் கழிந்த பின்னர் கிடைத்த இந்த எளிய பணியை அண்டர்ஹில் ஏற்றுச் செய்தார். ஹியூகல் 1925 இல் காலமானார். தம் ஆன்மிக வாழ்வுக்கு அவருக்கே கடன்பட்டிருப்பதாக அண்டர்ஹில் பின்னாளில் குறிப்பிட்டார்.

1924 முதல் எசெக்சு மாவட்டத்தின் பிளெஷி கிராமத்திலும் பிற இடங்களிலும், சில நாட்கள் மௌனமாகத் தங்கி இறைவேண்டலில் ஈடுபடும் ஒடுக்கங்களை நடத்தினார். பெண்கள் குருத்துவம் பெற முடியாதிருந்த அக்காலத்தில் ஆங்கிலிக்கக் குருக்களுக்கும் இவர் உரையாற்றினார். பல்வேறு சபைகளின் வழிபாட்டு முறைகளை ஆராயும் "வொர்ஷிப்" என்னும் நூல் 1936 இல் வெளிவந்தது.

முதல் உலகப் போரில் கடற்படைத் தலைமையகத்தில் பணியாற்றிய இவர், இரண்டாம் உலகப் போரின்போது போரை முற்றிலும் எதிர்த்தார். இலண்டன் மீது குண்டுகள் விழுந்த நாட்களிலும் இந்நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. நெடுநாள் ஆஸ்துமாவால் துன்புற்று 1941 இல் காலமானார். ஆங்கிலிக்கத் திருச்சபை ஜூன் 15 ஆம் நாளை இவரது நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறது.