நடமாடும் மனைகளும் சட்டத்தின் காவலும்

சங்க இலக்கியத்தில் நகரும் வீடொன்றின் முழு வடிவத்தைக் காட்டும் நூல் பெரும்பாணாற்றுப்படை ஆகும். உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகளைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் விரிவாகப் பாடுகிறார். வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது. சிறிய உரல் தொங்குகிறது. ஊறுகாய்க் கலம் கட்டப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். அவர்களுக்கு வண்டியே வணிகக் கருவி, வண்டியே மனை.

வல்லம், திண்டிவனம் வட்டாரத்திற்கு இதனினும் நெருங்கிய சான்று சிறுபாணாற்றுப்படை. அதன் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. அவனை நாடிச் செல்லும் பாணர் குடும்பத்திற்கு எயிற்பட்டினத்து நுளையர் சுட்ட மீனும், வேலூர் எயினர் புளிச்சோறும் வேட்டை ஊனும், ஆமூர் உழவர் நண்டுக் கலவையோடு சோறும் தருவர் என்கிறார் நத்தத்தனார். புலவர் காட்டும் உலகம் நடப்புலகின் நேர்ப்படம் அன்று. வறுமையும் அதில் பேசப்படுகிறது. எனினும், நிலையான இல்லமின்றி வழிநடப்போரை ஐயத்திற்குரியவராக அன்றி விருந்தினராகக் காணும் ஒரு மனநிலை அந்நூலில் பதிவாகியுள்ளது.

இம்மனநிலைக்கு நேர்மாறானதொன்றை ஆங்கிலேயர் ஆட்சி சட்டமாக்கியது. சென்னை மாகாணத்தில் குறவர்களும் லம்பாடிகளும் எருதுகளின் முதுகில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகச் சென்று விற்றுவந்தனர். இவர்களை உமணர் வழியினர் என்று கொள்ளச் சான்றில்லை. ஆயினும் தொழில் ஒன்றே. அரசின் உப்புக் கொள்கையும் இருப்புப் பாதையும் அத்தொழிலை நலியச் செய்தன. தொழிலிழந்து அலைந்தவர்களைக் குற்றவாளிகள் எனக் கருதும் போக்கு வளர்ந்தது. 1871 இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்திற்கும் வந்தது. அறிவிக்கப்பட்ட இனத்தார் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், கைரேகை தரவேண்டும், குறித்த வேளையில் வருகை காட்ட வேண்டும், இடம் பெயர்ந்தால் தெரிவிக்க வேண்டும். வாழ்வின் இயல்பாகிய நகர்தலே இவ்வாறு குற்றத்தின் அறிகுறி ஆக்கப்பட்டது.

சென்னை மாகாணம் 1947 இலும், இந்திய ஒன்றியம் முழுவதும் 1952 ஆகஸ்டு 31 ஆம் நாளிலும் இச்சட்டம் நீங்கியது. ஆனால் 1948 இலேயே வழக்கக் குற்றவாளிகள் பற்றிய வேறொரு சட்டம் சென்னையில் இயற்றப்பட்டுவிட்டது. பெயர் மாறிற்று, காவல் நிலையத்தின் பார்வை அதே வேகத்தில் மாறவில்லை.

குடியிருப்போரைக் காக்கும் சட்டங்கள் தமிழகத்தில் இல்லாமல் இல்லை. நிலவுடைமையாளரின் மண்ணில் குடிசையிட்டு வாழ்ந்த உழவர்களையும் உழவுத் தொழிலாளர்களையும் வெளியேற்றக் கூடாது என 1961 ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் காவல் தந்தது. அம்மனையையே அவர்களுக்கு உரிமையாக்கியது 1971 ஆம் ஆண்டுச் சட்டம். நில உரிமையை எளியோர்பால் திருப்பிய அரிய சட்டங்கள் இவை. எனினும் இவற்றின் அடிப்படை, ஓரிடத்தில் நிலைத்திருத்தல். ஆண்டில் பல ஊர்களில் கூடாரமடிக்கும் குடும்பம் இவற்றின் எல்லைக்குள் வருவதில்லை. புறம்போக்கில் தங்குவோர் மீது பாய்வது 1905 ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமே. அதன்படியும் அகற்றுமுன் அறிவிப்புத் தரவேண்டும் என்பதைக் கூடாரத்தில் வாழ்வோருள் எத்தனை பேர் அறிவர்?

பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985 இல் அளித்த தீர்ப்பு இங்கு நினைவுகூரத் தக்கது. வாழ்வுரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என அது கூறிற்று. நடைபாதையில் தங்கும் உரிமையை அது வழங்கவில்லை. முறையான நடைமுறையின்றி அகற்றலாகாது என்பதே அதன் சாரம்.

இங்கிலாந்தின் வரலாறு வேறு வகையில் பாடமாகிறது. அங்கே வண்டிவீடு ஒருவருக்கும், அது நிற்கும் தரை மற்றொருவருக்கும் உரியதாக இருப்பது வழக்கம். ஆகவே 1983 ஆம் ஆண்டு நடமாடும் இல்லங்கள் சட்டம், எழுத்துவடிவ ஒப்பந்தத்தையும், நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்றலாகாது என்னும் காவலையும் தந்தது. ஆனால் உள்ளாட்சிகளின் தங்குமிடங்களில் வாழ்ந்த ஜிப்சிகளுக்கு அக்காவல் கிட்டவில்லை. அவர்களுக்கு இடமளிக்க வேண்டும் என்று 1968 இல் உள்ளாட்சிகளுக்கு விதிக்கப்பட்ட கடமையும் 1994 இல் நீக்கப்பட்டது. 2004 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரு குடும்பத்தின் வெளியேற்றத்தைக் கண்டித்த பின்னர், 2011 இலேயே 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவல் அவர்களுக்கும் நீண்டது. அலைந்து வாழும் இனத்தார்க்குச் சட்டம் கடைசியில் வந்து சேர்வது அங்கும் பொருந்தும்.

தமிழகத்தின் நரிக்குறவர்கள் இதற்குச் சான்று. பெயர் ஒத்திருப்பினும் இவர்கள் குறவரினின்றும் வேறானவர்கள். இவர்தம் வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழி. வேட்டையாடி வாழ்ந்த இவர்கள் பாசிமணியும் ஊசியும் விற்று ஊர் சுற்றலாயினர். இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்குமாறு லோகூர் குழு 1965 இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதற்குரிய சட்டத்தை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். ஐம்பத்தேழு ஆண்டுகளில் இரண்டு தலைமுறைகள் சான்றிதழின்றியே வளர்ந்து முடிந்தன.

பட்டியல் வந்துவிட்டது, கூடாரத்திற்குக் காவல் இன்னும் வரவேண்டும். பட்டா தருவது நன்று. ஆயினும் வணிகத்தின் பொருட்டு மாதக்கணக்கில் வெளியூர் செல்லும் குடும்பத்திற்குப் பட்டா மட்டும் போதாது. தங்குவதற்கென ஒதுக்கப்பட்ட இடம், அகற்றுமுன் அறிவிப்பு, நிலையான முகவரி கேட்டு மறுக்காத சான்றிதழ் ஆகிய மூன்றும் வேண்டும். வழிச்செல்வோனுக்கு எந்த ஊரில் எவர் சோறிடுவர் என்று சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்த மொழி தமிழ். அம்மொழி வழங்கும் நாட்டில், வழிச்செல்வோன் இரவு தங்கும் இடத்தைச் சட்டமும் சொல்ல வேண்டும் எனக் கேட்பது மிகையாகாது.