பிளாட்டினத்தின் இடத்தில் இரும்பு

குழந்தையின் பால் போத்தலில் சப்பும் முனையைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் சிலிக்கோன். கூழாக இருந்த அது ரப்பரைப்போல் இறுகியது எப்படி?

சிலிக்கனோடு ஒட்டிய ஹைட்ரஜன், இரட்டைப் பிணைப்புள்ள கார்பனோடு சேரவேண்டும். இவை தாமாகச் சேர்வது அரிது. கல்யாணத் தரகரைப்போல் நடுவில் நின்று சேர்த்து வைப்பதே வினையூக்கி.

1957-இல் அமெரிக்காவின் டவ் கார்னிங் நிறுவனத்து ஜான் ஸ்பையர், குளோரோபிளாட்டினிக் அமிலம் இவ்வேலையைச் செய்வதை வெளியிட்டார். 1973-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்து புரூஸ் கார்ஸ்டெட், ஆற்றல் மிகுந்த வேறொரு பிளாட்டினச் சேர்மத்திற்குக் காப்புரிமை பெற்றார்.

பத்து லட்சத்தில் சில பங்கு பிளாட்டினமே போதும். ஆயினும் காரியம் முடிந்ததும் இந்தத் தரகர் மணப்பந்தலை விட்டு வெளியேற முடிவதில்லை. இறுகிய சிலிக்கோனுக்குள் விலையுயர்ந்த பிளாட்டினம் சிக்கிக்கொள்கிறது. அதை மீட்டெடுப்பது கட்டுப்படியாகாது.

2012-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் பால் சிரிக் குழுவினர், இத்தகைய சேர்க்கையை இரும்பைக் கொண்டே நடத்திக் காட்டினர். வெறும் இரும்பன்று, நைட்ரஜன் அடங்கிய கரிம மூலக்கூறு ஒன்று அதைத் தாங்கிப் பிடித்தது. ஆனால் அச்சேர்மங்கள் காற்றும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும். ஆகவே ஆலைகளில் இன்றும் பிளாட்டினமே முன்நிற்கிறது, ஆய்வு தொடர்கிறது.

தக்க துணை வாய்த்தால் எளிய உலோகமும் அரிய பணி செய்யும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.